செக் இன்ஜின் லைட் எரிந்தால்: அறிகுறியைப் பிடித்து கோளாறுக்குப் போகும் வழி

ஸ்கேன் கருவியைச் செருகியதும் ஒரு கோட் (கோளாறு எண்) வரும். அதன் விளக்கத்தில் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் இருக்கும். உடனே அந்தச் சென்சாரை வாங்கி மாட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து லைட் மறுபடி எரியும். இந்த வேலையில் பணம் அதிகம் வீணாவது இப்படித்தான். இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், ஓயாமல் சில சோதனைகளை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. அதில் எந்தச் சோதனை தேறவில்லை என்பதை மட்டும்தான் கோட் சொல்கிறது. ஏன் தேறவில்லை என்பதை லைவ் டேட்டாவில் (சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்வதைக் கருவி காட்டும் பகுதி) இருக்கும் எண்களை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் பாகம் வாங்கும் முன் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

கருவி கனெக்ட் ஆகவில்லை

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி2 (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொது முறை) கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் 16 பின் சாக்கெட் இருக்கும். இஎல்எம்327 வகை ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்; பழைய ப்ளூடூத் கருவி அதில் சேராது.

கருவியில் விளக்கே எரியவில்லை என்றால் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 4ஆம் பின்னில் எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பல கார்களில் இந்த சாக்கெட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃப்யூஸில் இருக்கும். மலிவான போன் சார்ஜர் ஒன்று அந்த ஃப்யூஸைத் தின்றிருக்கலாம்.

கருவியில் விளக்கு எரிகிறது, சாவியும் ஆனில் இருக்கிறது, ஆனாலும் ஈசிஎம் பதில் சொல்லவில்லை என்றால் விஷயம் வேறு. சாவியை ஆன் செய்யும்போது மீட்டரில் செக் இன்ஜின் லைட் சில நொடியாவது எரிகிறதா? அதுவும் எரியவில்லை என்றால் ஈசிஎம்முக்கே கரன்ட் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். மெயின் ரிலே, இன்ஜின் ஃப்யூஸ்கள், ஈசிஎம் எர்த் போல்ட் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். கோட் பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதை ஈசிஎம் ஒரு படம் போலச் சேமித்து வைக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, லோடு (இன்ஜின் எத்தனை சதவீதம் உழைக்கிறது), ஃப்யூயல் ட்ரிம் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) எல்லாம் அதில் இருக்கும். கோட்டை அழித்தால் இதுவும் போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதிதான். வொர்க்‌ஷாப்பில் விடும் முன் இதை போட்டோ எடுத்து வையுங்கள். "லைட் எரிந்தது, அழித்துவிட்டோம், இப்போ இல்லை" என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த முறை லைட் எரியும்வரை யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பென்டிங் கோட்களையும் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகளில் முதல் ஓட்டத்தில் கோட் பென்டிங்காக நிற்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். லைட் எரியாத வண்டியிலும் துப்பு கிடைப்பது இதனால்தான்.

அப்புறம் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும் (சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை ஈசிஎம்மே கட்டுப்படுத்துவதால் இது ஏறி இறங்கும்). செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை முதலில் கவனியுங்கள். வோல்ட் விழும்போது ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் என்று தொடர்பில்லாத கோட்கள் கூட்டமாக வரும். 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் கோட்கள் நிறைய இருந்தால் இது பேட்டரியின் வேலையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

லைட் விட்டு விட்டு எரிகிறது, வண்டி உதறுகிறது

இதில் அவசரம் உண்டு. செக் இன்ஜின் லைட் சிமிட்டினால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும். காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் பாகம்) மாற்றும் செலவை விடக் கன்வெர்ட்டர் செலவு பல மடங்கு. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்துங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. இரண்டுக்கும் தேடும் இடமே வேறு.

ஒரே சிலிண்டர் என்றால் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிளக்கின் மேலேயே உட்காரும் காயில் உள்ள இன்ஜின்களில், சந்தேகப்படும் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் போடுங்கள். அங்கிருந்ததை இங்கே போடுங்கள். கோட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0302 இருந்த இடத்தில் இப்போது பி0303 வந்தால் காயில்தான். கோட் நகரவில்லையா? பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். அப்போதும் அதே சிலிண்டர் என்றால் இன்ஜெக்டர், அதற்கு வரும் வயர், கடைசியாக கம்ப்ரெஷன். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து நகர்த்தினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

காயிலை வெளியே எடுக்கும்போது பிளக் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் பீய்ச்சி அடித்த தண்ணீர் அங்கே தேங்கியிருக்கும். காயிலின் ரப்பரில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும், ஸ்பார்க் அந்த வழியாக எர்த்துக்கு ஓடியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஆயில் இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டில் உள்ள சீல் போய்விட்டது. காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் அதே ஆயிலில் ஊறும்.

சிஎன்ஜி வண்டிகளில் ஒரு வசதி உண்டு. கேஸில் மிஸ்ஸிங், பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாக ஓடுகிறது என்றால் கேஸ் இன்ஜெக்டர், கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் பக்கம் போங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம்: கேஸைப் பற்றவைக்க பெட்ரோலை விட அதிக வோல்ட் ஸ்பார்க் தேவை. தேய்ந்த பிளக்கோ தளர்ந்த காயிலோ பெட்ரோலில் சமாளித்துக்கொண்டு கேஸில் மட்டும் காட்டிக்கொடுக்கும். ஆகவே பிளக் எப்போது மாற்றியது என்று முதலில் பாருங்கள். காலையில் குளிர்ந்த ஐடிலில் மட்டும் உதறி, சூடானதும் சரியாகும் சிஎன்ஜி வண்டியில் வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பி0300 வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான விஷயங்களைத் தேட வேண்டும்: பெட்ரோல் பிரஷர், காற்று கசிவு, ஒட்டுமொத்தமாகத் தேய்ந்த பிளக்குகள், கலப்பட எரிபொருள். டேங்க் நிரப்பிய மறுநாளே தொடங்கியதா என்று வண்டிக்காரரைக் கேளுங்கள்.

ஐடில் ஏறி இறங்குகிறது, மைலேஜ் குறைந்தது: பி0171, பி0172

இங்கேதான் ஸ்கேன் கருவி தன் விலைக்கு உழைக்கும். பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண்கள் சதவீதத்தில் வரும். ஈசிஎம் தன் கணக்குப்படி பெட்ரோல் விடுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் "போதவில்லை" என்றால் கூட்டுகிறது, "அதிகம்" என்றால் குறைக்கிறது. கூட்டிய அளவு பிளஸில் தெரியும், குறைத்தது மைனஸில். இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்துக்கு இருபுறமும் பத்துக்குள் இருப்பது சாதாரணம். லாங் டெர்ம் இருபது, இருபத்தைந்தைத் தொட்டால் இதற்கு மேல் சமாளிக்க முடியாது என்று ஈசிஎம் கோட் போட்டுவிடும். பிளஸ் பக்கம் போனால் பி0171, மைனஸ் பக்கம் போனால் பி0172.

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டட்டும். ஏசி ஆஃப். ஐடிலில் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் ரேஸ் பிடித்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள்.

ஐடிலில் பிளஸ் 22, ரேஸில் பிளஸ் 5 என்று இறங்கினால் த்ராட்டிலுக்கு (காற்று நுழையும் வாயிலின் மூடி) அப்பால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சிறு கசிவும் பெரிய பங்கு. ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று கூடி, கசிவின் பங்கு அற்பமாகிவிடும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி வால்வ் (இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திருப்பி விடுவது) ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் என்று தேடுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் அழுத்திப் பிடித்து ட்ரிம் இறங்குகிறதா என்று கவனித்தால் போதும். சூடான இன்ஜின் மேல் கார்பரேட்டர் க்ளீனர் அடித்துச் சோதிக்கும் பழைய பழக்கத்தை நான் சொல்லமாட்டேன். சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டால் தீ பிடிக்கும்.

மாறாக ஐடிலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் லோடு கொடுக்கும்போது பிளஸ் ஏறினால் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஃப்ரீஸ் ஃப்ரேம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கும்: வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் 750 என்றால் முதல் வகை, வேகம் 95, லோடு 80 சதவீதம் என்றால் இரண்டாவது வகை. எல்லா நிலையிலும் ஒரே அளவு பிளஸ் இருந்தால் அடைத்த இன்ஜெக்டர், அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது), அல்லது முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை. அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தும் சென்சார் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று சொல்லும்.

நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள இன்ஜினை வைத்தே பேசும். இங்கே பல வண்டிகளில் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். அதில் காற்று கசிந்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் உயர்வது ஈசிஎம்முக்குத் தெரிந்துவிடும், அதற்கேற்பப் பெட்ரோலையும் விட்டுவிடும். ஆகவே ட்ரிம் அவ்வளவு ஏறாது. ஐடில்தான் உயரும், பி0507 (ஐடில் அளவுக்கு மேல்) வரும். இந்த வண்டிகளில் மேப் எண்ணைப் பாருங்கள். சூடான நல்ல இன்ஜினில் ஐடிலில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும். 50 காட்டினால் கசிவு, வால்வ் டைமிங், அல்லது ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது.

மேப் சென்சாரே பொய் சொல்கிறதா என்று பார்க்க, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். ஊட்டியில் 78 போலக் காட்டினால் அது கோளாறில்லை, அந்த உயரத்தில் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான்.

மைனஸ் பக்கம், பி0172: சொட்டும் இன்ஜெக்டர், திறந்தபடி மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வ் (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடுவது), பெட்ரோல் கலந்து வாசம் அடிக்கும் இன்ஜின் ஆயில். ஏர் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகும் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜினில் காற்று குறைந்தால் பெட்ரோலும் சேர்ந்தே குறையும், இழுவை மட்டும்தான் போகும்.

இன்னொன்று: பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலந்த பிறகு, பழைய வண்டிகளில் ட்ரிம் முன்பை விடக் கொஞ்சம் பிளஸில் நிற்பது இயல்பு. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக விட வேண்டும். பிளஸ் ஐந்து, ஆறைப் பார்த்து பயந்து சென்சார் மாற்ற வேண்டாம்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது சூடானதும் நின்றுவிடுகிறது

லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 150 முதல் 250 வரை ஏதாவது எண் வர வேண்டும். இன்ஜின் சுற்றும் சத்தம் கேட்டும் எண் பூஜ்யத்திலேயே நின்றால் ஈசிஎம்முக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை: கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை அளப்பது), அதன் கப்ளர் (வயர் சொருகும் இணைப்பு), அதன் வயர். ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. அதற்கான கோட் பி0335 பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம். கோட் இல்லை என்பதற்காகக் கிராங்க் சென்சாரை விட்டுவிடக் கூடாது.

ஓடிக்கொண்டிருந்த வண்டி டிராஃபிக்கில் சூடேறி நின்றுபோய், அரை மணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும் கதை பெரும்பாலும் இந்தச் சென்சாருடையதுதான். ஆறிய பிறகு சோதித்தால் நல்லதாகவே காட்டும். நின்ற அந்த நிமிடமே கருவியைச் செருகி ஆர்பிஎம் பார்க்க வேண்டும். அதனால் இப்படிப்பட்ட வண்டியில் கருவியை டாஷ்போர்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் சாவி ஆன் செய்ததும் பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா என்று கேளுங்கள். இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) லைட் சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள். சிமிட்டினால் சாவி பிரச்சினை, இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு சென்சார் கோட்கள்

ஐந்து சென்சார்கள் ஒரே நாளில் சாகாது. பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்து கொடுக்கிறது. அதில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து விழும். ஏதாவது ஒரு சென்சார் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் காரணம். எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் வயரிங். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த தடயத்தைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூட கூடு கட்டும்.

ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, கூலன்ட் மைனஸ் 40 காட்டுகிறது

மதுரை வெயிலில் மைனஸ் 40 என்றால் சர்க்யூட் ஓப்பன். கூலன்ட் சென்சாருக்கு பி0118, காற்று வெப்பச் சென்சாருக்கு பி0113. கப்ளரைக் கழற்றி, இரண்டு டெர்மினலையும் சிறு வயரால் இணையுங்கள் (இரண்டு பின் உள்ள வெப்பச் சென்சார்களில் மட்டும்). எண் சட்டென்று 130க்கு மேல் தாவினால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போயிற்று. நகராமல் மைனஸ் 40இலேயே நின்றால் சென்சாரை வாங்காதீர்கள், வயரைத் தேடுங்கள்.

பி0128 என்பது இன்ஜின் சூடேற வேண்டிய நேரத்துக்குள் சூடேறவில்லை என்பது. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையில்லை" என்று யாரோ கழற்றி எறிந்திருக்கவும் கூடும். தேவைதான். அது இல்லாத இன்ஜின் குளிர்ந்த நிலையிலேயே ஓடி பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

டீசல் வண்டியில் இழுவை இல்லை

பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய அழுத்தம் வரவில்லை. டர்போவைக் குறை சொல்லும் முன் இன்டர்கூலர் ஹோஸ்களில் ஆயில் கசிந்த இடத்தைத் தேடுங்கள். கிழிந்த ஹோஸ் அங்கே கறுப்பாக வேர்த்திருக்கும். கிளிப் நழுவியிருப்பதும் உண்டு. அதன்பிறகு டர்போவின் ஆக்சுவேட்டருக்குப் போகும் வாக்யூம் குழாய்.

பி0087 என்றால் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) பிரஷர் ஈசிஎம் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. கேட்ட அளவு, கிடைத்த அளவு இரண்டையும் காட்டும் கருவி என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேட்டில் ஏற்றும்போது பாருங்கள். மேட்டில் மட்டும் பின்தங்கினால் முதலில் டீசல் ஃபில்டர். எக்காரணம் கொண்டும் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். பழைய டீசலில் செய்த பழக்கம் அது. காமன் ரெயிலில் அங்கே 1000 பாருக்கு மேல் பிரஷர் போகும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) நிரம்பிய கோட் வந்தால், நகரத்துக்குள் குட்டி ஓட்டம் மட்டும் ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள். புகைக்கரியை எரிக்க எக்ஸாஸ்ட் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். அதற்கு இடைவிடாத நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும்.

வண்டி நன்றாக ஓடுகிறது, லைட் மட்டும்: பி0420

கன்வெர்ட்டர் திறன் குறைவு. முன்னும் பின்னும் உள்ள ஆக்ஸிஜன் சென்சார்களை கிராஃபில் போடுங்கள். நல்ல கன்வெர்ட்டர் என்றால் பின் சென்சார் 0.6 வோல்ட் அருகே அசையாமல் நிற்கும். அதுவும் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் தாவினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. (முன்னால் வைட்பேண்ட், அதாவது கலவையைத் துல்லியமாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் முன் எண் வேறு மாதிரி இருக்கும், பின் சென்சாரை மட்டும் நம்புங்கள்.) ஆனால் கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். மிஸ்ஸிங்கோ ஆயில் எரிப்போ கொன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் சாகும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே கோட் வரும், அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

இப்போது கோட்டை அழிக்கலாம். அழித்ததும் ரெடினெஸ் என்ற பகுதியில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று மாறும். லைட் எரியாததை வைத்து வேலை சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஈசிஎம் அந்தச் சோதனையை இன்னும் ஓட்டவே இல்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே வேகம், அதே சூடு, அதே லோடில் ஓட்டிக் காட்டுங்கள். அந்தச் சோதனை 'முடிந்தது' என்று மாறி, பென்டிங்கும் காலியாக இருந்தால்தான் பில்லைக் கட்டுங்கள். அதே கோட் மீண்டும் வந்தால் புதிய ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள்: எண்கள் ஒத்துப்போனால் கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது, முற்றிலும் வேறாக இருந்தால் ஒன்றைச் சரிசெய்துவிட்டீர்கள், இது இரண்டாவது.